மூன்று நிமிஷம், ஒரு வரி

சில வருஷங்களுக்கு முன்னால் தில்லியில் ஓர் ஆய்வு மாணவிக்கு மொழிபெயர்ப்பாளராகப் போக நேர்ந்தது. தெரிந்தவரின் பெண். வங்காளி. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பாதிக்கிற பணம் வீட்டுக்குள் வந்ததும் யார் கைக்குப் போகிறது என்பது அவளுடைய ஆய்வு. தில்லியின் சாக்கடை ஓரங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கிற தமிழர்கள் ஏராளம். அவர்கள் இந்தி பேசுவார்கள். வேலைக்குப் போகிற வீடுகளில் அதுதான் பாஷை. ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதுதான் என் ஒரே தகுதி.

முதல் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். காலை வேலைகளை முடித்துவிட்டு வந்த ஒரு பெண்மணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாணவி ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்கள் சம்பளத்தை என்ன செய்வது என்று வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்? நான் தமிழில் கேட்டேன்.

"அவருதான்" என்று ஆரம்பித்தார் அந்தப் பெண்மணி. அப்புறம் நிறுத்தவில்லை. மாசம் பிறந்தால் சம்பளத்தைக் கொண்டுபோய் அவர் கையில்தான் கொடுப்பாராம். அதுதான் மரியாதை. அவர் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். பிறகு பிள்ளைகள் ஃபீஸ், ஊரில் அம்மாவுக்கு மருந்து, சீட்டு எல்லாம் இவர் பாடு. பீடிக்குக்கூட அவர் இவரிடம்தான் கை நீட்ட வேண்டும். நடுவில் ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முடித்ததும் நான் மாணவியிடம் திரும்பிச் சொன்னேன்: "கணவர்தான் முடிவு செய்கிறாராம்."

அவள் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, அவர் மூன்று நிமிஷம் பேசினார். நீங்கள் ஒரே வரி சொல்கிறீர்களே?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பொய் சொல்லவில்லை. அந்த அம்மாள் 'அவருதான்' என்றது உண்மை. பத்திரிகையில் பல வருஷம் பேட்டி எடுத்த பழக்க தோஷம் அது. நமக்கு வேண்டிய வாக்கியம் வந்ததும் காது தானாக மூடிக்கொள்ளும். மீதியெல்லாம் வளவள. அந்தச் சின்னப் பெண் கேட்டது அந்த மீதியைத்தான். கேள்விக்கு உண்மையான பதிலும் அதில்தான் இருந்தது.

பேட்டி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது அமைச்சரும் நடிகரும். அவர்கள் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று தயாராக இருப்பார்கள். சமூக ஆய்வாளர் தேடிப் போவது இதுவரை யாரும் எதுவும் கேட்டிராதவரை. அதனாலேயே அது வேறு மாதிரியான வேலையாகிவிடுகிறது. இந்த முறையில் பல படிகள் உண்டு. ஓர் ஓரத்தில் அச்சடித்த கேள்விப் படிவம். எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, பதிலுக்குக் கட்டங்கள். மறு ஓரத்தில், 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். கேட்க வேண்டிய விஷயங்களின் பட்டியல் ஒன்று கையில் இருக்கும். பேச்சு போகிற பக்கமெல்லாம் போய்விட்டு, பட்டியலில் எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கு ஆயிரம் பேர் தேவையில்லை. இருபது முப்பது பேரிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினால் போதும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சொல்வதெல்லாம் ஏற்கனவே கேட்டதாகவே இருக்க ஆரம்பித்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது ஒரு கணக்கு. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இருபது பேர் சொன்னதை வைத்துக்கொண்டு நாட்டைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று புள்ளிவிவரப் பிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எத்தனை பேர், எவ்வளவு சதவீதம் என்பதற்கெல்லாம் இந்த முறையில் விடை கிடையாது. ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எண்களும் எங்கோ ஒரு வாசலில், ஒருவர் கேட்டு இன்னொருவர் சொன்ன பதிலிலிருந்துதான் பிறக்கின்றன. நம் நாட்டின் புள்ளிவிவரப் பிதாமகர் மஹலனோபிஸுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1950இல் தேசிய மாதிரி ஆய்வு அவருடைய முயற்சியில்தான் ஆரம்பமாயிற்று. ஒரே பகுதியிலிருந்து தனித்தனி மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களை அனுப்பி விசாரிக்கச் சொல்வது அவர் கையாண்ட முறை. இரண்டு குழுக்களும் கொண்டுவரும் விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தால் பிழை எவ்வளவு என்று தெரியும். கேட்கிற ஆள் மாறினால் பதிலும் மாறலாம் என்பதை எண்களின் உலகத்துக்குள்ளேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

கேள்வி மாறினாலும் பதில் மாறும். மக்கள் கணக்கெடுப்புக்கு வருகிறவர் குடும்பத் தலைவரிடம் 'உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா?' என்று கேட்டால், 'இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்பார். அந்தச் 'சும்மா'வுக்குள் மாடு, களையெடுப்பு, விறகு, தண்ணீர், பீடி சுற்றுவது எல்லாம் அடங்கும். பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் இதைச் சொல்லிச் சொல்லி, 1991 கணக்கெடுப்பின் கேள்வியில், சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்யும் வேலையும் சேர்த்தி என்ற வார்த்தைகள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இன்னொரு வழியும் சோதிக்கப்பட்டது. வேலை செய்கிறாயா என்று கேட்காமல், நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தாய் என்று கேட்டார்கள். 2019இல் நாடு முழுவதும் அப்படிக் கேட்டபோது, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிஷமும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவது தெரிந்தது. பெண்கள் புதிதாக வேலை செய்யத் தொடங்கிவிடவில்லை. கேட்கிற விதம் மாறியது, அவ்வளவுதான்.

கேட்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பழைய பாடப் புத்தகங்களில் கண்டிப்பான விதிகள் இருந்தன. சிநேகமாக இரு, ஆனால் ஒட்டாதே. உன் அபிப்பிராயத்தைச் சொல்லாதே. எதிராளி உன்னைக் கேள்வி கேட்டால் நழுவிவிடு. லண்டனில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்களைத் திரும்பத் திரும்பப் பேட்டி கண்ட ஆன் ஓக்லி என்ற சமூகவியலாளருக்கு இந்த விதி கட்டுப்படியாகவில்லை. அந்தப் பெண்கள் தன்னிடம் திருப்பிக் கேட்ட கேள்விகளை அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணூறுக்கும் மேல். பிரசவத்தைப் பற்றி, வலியைப் பற்றி, மருந்துகளைப் பற்றி. பயந்துபோய்க் கேட்கிற ஒரு பெண்ணிடம், 'நான் பதில் சொல்ல வரவில்லை, கேட்கத்தான் வந்தேன்' என்று எப்படிச் சொல்வது? தெரிந்ததைச் சொன்னார். தன் பிரசவ அனுபவத்தையும் சொன்னார். கொடுக்காமல் வாங்க முடியாது என்று 1981இல் அவர் எழுதிய கட்டுரை, பேட்டி முறையைக் கற்பிக்கும் வகுப்புகளில் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

டென்மார்க்கில் பேராசிரியராக இருந்த ஸ்டைனார் குவாலே 1996இல் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டு வகை ஆய்வாளர்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் சுரங்கத் தொழிலாளி. எதிரே இருப்பவரின் மனசுக்குள் உண்மை கட்டியாகப் புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்க வேண்டியதுதான் என்று நினைப்பவர். இன்னொருவர் பயணி. போகிற வழியில் மனிதர்களோடு நடந்து பேசி, ஊர் திரும்பிக் கதை சொல்கிறவர். திரும்பும்போது ஆளும் கொஞ்சம் மாறியிருப்பார். தோண்டுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கிடைத்த கட்டி பொய்யாக இருந்தால் என்ன செய்வது? ஞாபகம் தப்புமே, ஆள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லலாமே?

இதற்கு நல்ல உதாரணம் இத்தாலியிலிருந்து கிடைக்கிறது. தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில், 1949 மார்ச்சில், நேட்டோ உடன்பாட்டுக்கு எதிரான தொழிலாளர் ஊர்வலத்தின்போது லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸாரால் கொல்லப்பட்டார். பல வருஷங்கள் கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசியபோது, ஒருவர் மாற்றி ஒருவர் அந்தச் சாவை 1953க்கு நகர்த்திச் சொன்னார்கள். அந்த வருஷம்தான் ஆலையில் பெரிய ஆட்குறைப்பு நடந்து, தெருவில் கலவரம் மூண்டது. வருஷம் தவறு என்று கழித்துவிட்டுப் போயிருக்கலாம். போர்தெல்லி அந்தத் தவறையே ஆராய்ந்தார். தங்களில் ஒருவன் ஏதோ ஓர் ஊர்வலத்தில் வீணாகச் செத்தான், தங்களால் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது அவர்களுக்குத் தாங்கவில்லை. வேலைக்காக நடந்த பெரிய சண்டையில் செத்தான் என்றால் அந்தச் சாவுக்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் போதும். நடந்தது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தவறுதான் சொன்னது.

நம் நாட்டில் இந்த முறை தன் பலத்தைக் காட்டியது வரலாற்றில்தான். சௌரி சௌராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 பிப்ரவரி 4 அன்று காவல் நிலையம் எரிக்கப்பட்டது, போலீஸார் மாண்டார்கள், காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார் என்பது பள்ளிப் பாடம். செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 19 பேருக்கு அது உறுதியாயிற்று. நீதிமன்றத்திலும் கேள்வி உண்டு, பதில் உண்டு. ஆனால் அங்கே அப்ரூவராக மாறியவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசினார். வழக்குக்குத் தேவையானது மட்டும் எழுதப்பட்டது. வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் அறுபது எழுபது வருஷம் கழித்து அந்தக் கிராமங்களுக்குப் போய், தண்டிக்கப்பட்டவர்களின் குடும்பத்தாரோடு உட்கார்ந்தார். தொண்டர்களைக் குறிக்க ஒரு மூதாட்டி உபயோகித்த வார்த்தை 'ஓட்டியார்'. வாலன்டியர் என்ற ஆங்கிலச் சொல் அந்த ஊர் நாக்கில் அப்படி ஆகியிருந்தது. தேசத்தின் வரலாற்றில் ஒரு களங்கமாக நின்ற சம்பவம், அந்த அம்மாளின் பேச்சில் யார் வந்தார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒரு வீட்டுக் கதையாக விரிந்தது. அமீனின் புத்தகம் 1995இல் வந்தது.

அதற்கு முன்பே ஹைதராபாதில் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் குழு ஒரு காரியம் செய்தது. 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்கெடுத்த பெண்களைத் தேடிப் பிடித்து டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்தார்கள். விஸ்னூர் தேஷ்முக்கை எதிர்த்து நின்ற சித்யால ஐலம்மாவும் அவர்களில் ஒருவர். கட்சி வரலாறுகளில் இந்தப் பெண்கள் உணவு கொண்டுவந்தவர்கள், தகவல் கொண்டுபோனவர்கள். பேச விட்டபோது வேறு ஒரு கணக்கு வெளிவந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியபோது இருந்த உற்சாகம், தலைமறைவில் குழந்தையைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டிவந்த துயரம், போராட்டம் முடிந்ததும் 'இனி வீட்டுக்குப் போங்கள்' என்று கேட்ட குரல்கள். 1986இல் தெலுங்கிலும் 1989இல் ஆங்கிலத்திலும் அது புத்தகமாயிற்று. தெலுங்குப் புத்தகத்தின் பெயருக்கு, நமக்குத் தெரியாத நம் வரலாறு என்று அர்த்தம்.

பிரிவினை விஷயத்தில் மௌனம் இன்னும் நீண்டது. ஊர்வசி புட்டாலியா அதைத் தேடிப் புறப்பட்டது 1984இல் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்ட பிறகு. நிவாரண வேலைக்குப் போன இடத்தில் முதியவர்கள், இது மறுபடியும் பிரிவினை மாதிரி இருக்கிறது என்றார்கள். அவருடைய சொந்தக் குடும்பத்திலேயே லாகூரில் தங்கிவிட்ட தாய்மாமன் ஒருவர் இருந்தார். நாற்பது வருஷம் பேச்சுவார்த்தையில்லை. 1987இல் அவரைத் தேடிப் போனதிலிருந்து வளர்ந்த புத்தகம் 1998இல் வெளியானது. அதே வருஷம் ரிது மேனனும் கமலா பாசினும் எழுதிய புத்தகமும் வந்தது. பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களை இரண்டு அரசுகளும் 'மீட்டு' அவரவர் தேசத்துக்கு அனுப்பின. இந்தியாவில் 50,000 முஸ்லிம் பெண்கள், பாகிஸ்தானில் 33,000 இந்து, சீக்கியப் பெண்கள் என்பது அன்றைய அரசு மதிப்பீடு. 1949இல் இந்தியா இதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தில், போக விருப்பமா என்று அந்தப் பெண்ணைக் கேட்க இடமில்லை. போக மறுத்தவர்கள் இருந்தார்கள். பிள்ளை பெற்று வேறொரு வாழ்க்கையில் வேர்விட்டவர்கள் இருந்தார்கள். அரசு ஆவணத்தில் அவர்கள் ஓர் எண். அவர்களையும், அவர்களை அழைத்துவரப் போன சமூக சேவகிகளையும் கேட்ட பிறகுதான் 'மீட்பு' என்ற சொல்லைத் தயக்கமில்லாமல் எழுத முடியாமல் போயிற்று.

இவர்களுக்கெல்லாம் ஒரு பொதுச் சிரமம் இருந்தது. கேள்வி பெண்ணிடம் போகும், பதில் ஆணிடமிருந்து வரும். அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்கிறேன் என்று கணவரோ மகனோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஆண்கள் வெளியே போன நேரம் பார்த்து, அடுப்படியில், வேலையின் நடுவே, பாதியில் விட்டு மறுபடி ஆரம்பித்துத்தான் பேச முடியும். நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

கேட்பவர் யார் என்பதும் சும்மா இருப்பதில்லை. எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கினார். ராம்புரா என்று அதற்குப் புனைபெயர் வைத்தார். 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு விஷமிகள் தீ வைத்ததில், பதினெட்டு வருஷமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்துபோயின. ஞாபகத்திலிருந்தே எழுதினார். 1976இல் வந்த அந்தப் புத்தகம் இந்தியச் சமூகவியலில் ஒரு மைல்கல். தான் ஒரு பிராமணர், ஊர்ப் பெரிய மனிதர்களின் விருந்தாளி, அதனால் தலித் தெருவுக்குள் தன்னால் சுலபமாகப் புழங்க முடியவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. அந்தக் குறையைச் சொன்னதால் புத்தகத்தின் மதிப்பு குறையவில்லை. எங்கே நின்று பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், படிக்கிறவர் மறைந்த பக்கத்தைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்வார்.

மறுபடி தில்லிக்கு வருகிறேன். கேள்வித்தாளோடு யாராவது வந்தால் அந்தக் குடியிருப்புகளில் முதலில் வருவது பயம். எந்த வருஷத்திலிருந்து இருக்கிறாய், என்ன காகிதம் வைத்திருக்கிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவரின் பேனாவில் வீடு இருக்கிறது. 2025 ஜூனில் ஜங்புரா பக்கம், பாராபுல்லா வாய்க்கால் கரையில் இருந்த மதராஸி கேம்ப்பை நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களில், ஊருக்கு வெகு தொலைவில் இருக்கும் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று ஏற்கப்பட்டவை 189. அந்தத் தகுதியும் ஒரு கேள்வி-பதிலில் தீர்மானமானதுதான். இப்படிப்பட்ட இடத்தில், 'பயப்படாதீர்கள், இது வெறும் ஆய்வு' என்று சொல்வதில் ஒரு அபத்தம் இருக்கிறது. வெறும் ஆய்வால் தங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண்மணியும் அதைத்தான் கேட்டார். இரண்டாவது தடவை போனபோது, "இத்தையெல்லாம் எழுதி இன்னாம்மா பண்ணப் போவுது இந்தப் பாப்பா?" என்றார். நான் மொழிபெயர்த்தேன், இந்தத் தடவை முழுசாக. மாணவி மழுப்பவில்லை. "எனக்குப் பட்டம் கிடைக்கும். உங்களுக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது" என்றாள். அதைத் தமிழில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் யோசித்தார். "பரவால்ல, உள்ளதைச் சொல்லுது" என்றார். அன்றைக்குத்தான் எங்களுக்கு டீ வந்தது. பேச்சும் உண்மையில் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கடைசியாகப் போன நாளில், பதிவு செய்ததைக் கேட்க வேண்டும் என்றார். மாணவி ஃபோனை அவர் காதருகே பிடித்தாள். தன் குரலைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ஓர் இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்தை எடுத்துடச் சொல்லும்மா."

பெயரை மாற்றிவிடுவோம், யாருக்கும் தெரியாது என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. "பேரை மாத்திட்டா? எங்க தெருவுல இந்தக் கதை யாருக்கு நடந்துச்சுன்னு தெரியாதாம்மா?"

எனக்குப் பதில் இல்லை. புத்தகங்களில் இதற்குப் பெயர்கள் உண்டு. ஒப்புதல், ரகசியக் காப்பு என்று தனித்தனி அத்தியாயங்கள் இருக்கும். பல்கலைக்கழகங்களில் கையெழுத்து வாங்கும் படிவமும் உண்டு. கைநாட்டு வைத்துவிட்டால் ஒப்புதல் முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்மணி முதல் நாள் சரி என்று சொல்லித்தான் பேசினார். தன் பேச்சைத் தானே கேட்ட பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

அந்த நாலு நிமிஷம்தான் அந்த ஆய்வின் உயிர். ஐம்பது மணி நேரப் பதிவில் அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. மாணவிக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் முகம் வாடியது. ஆனால் வாதாடவில்லை. அவர் எதிரிலேயே அந்தப் பகுதியை அழித்தாள். அழிந்துவிட்டதா என்று மறுபடி ஓட்டிக் காட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் அதைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தையும் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தத் தாளை அந்தப் பெண்மணி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு அவளுக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டை எனக்கு அனுப்பினாள். தேடிப் பார்த்தேன். அந்த விஷயம் எங்கேயும் இல்லை. சில பதிவுகள் சம்பந்தப்பட்டவர்களின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டன என்று முன்னுரையில் ஒரு வரி இருந்தது. மூன்று நிமிஷத்தை ஒரு வரியாக்கியதற்கு என்னைக் கேள்வி கேட்டவள், நாலு நிமிஷத்தை ஒரு வரியாக்கியிருந்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது. நான் கேட்காமல் விட்டேன். அவள் கேட்டுவிட்டு, கேட்டதற்கு மரியாதை செய்தாள்.

இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெண்மணியின் அடையாளங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவர் அழிக்கச் சொன்னது என்ன என்று வாசகர்களுக்குக் கேட்கத் தோன்றும். எனக்குத் தெரியும். எழுதுவதாக இல்லை.